குழந்தைகளுக்காக மேலே மேலே படித்தால் சம்பளம் கூடுமா, குறையுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சிவனுக்கு வைத்தியநாதர் என்று பெயர். தலபுராணக் கதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மனப்பாடம். பிரசவ வலி வந்த பெண் ஒருத்தி, அம்மா வந்து சேராமல் தவிக்கிறாள். சிவனே அம்மா வடிவத்தில் வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போகிறார். திருமலை நாயக்கரின் தீராத நோய் இங்கே வந்துதான் தீர்ந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. ஆக பிரசவம், பச்சைக்குழந்தை, ராஜாவின் வியாதி எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறார். இன்றைய பாஷையில் சொன்னால் ஜெனரல் பிராக்டிஷனர்! டோக்கன் இல்லை, பீஸ் இல்லை.

மனுஷ டாக்டர்களுக்கு வீடு, வாசல், கடன் எல்லாம் இருக்கிறதே. அவர்கள் விஷயத்துக்கு வரலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ஒரு பிள்ளை எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வந்தால், மறுநாளே சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அடுத்து என்னப்பா படிக்கப் போற? வெறும் எம்.பி.பி.எஸ்.ஸை வச்சுக்கிட்டு இந்தக் காலத்துல என்ன பண்றது?" கேட்கும் மாமாவின் கணக்கு எளிமையானது. படிப்பு கூடினால் பட்டம் கூடும், பட்டம் கூடினால் போர்டு நீளும், போர்டு நீண்டால் பீஸ் கூடும். பெரியவர்களுக்கான வைத்தியத்தில் இது பெரும்பாலும் சரிதான். ஜெனரல் மெடிசின் எம்.டி. முடித்துவிட்டு இதயத்துக்கோ குடலுக்கோ டி.எம். படித்தவர், எம்.டி.யோடு நிறுத்தியவரைவிட அதிகம் சம்பாதிப்பார்.

குழந்தைகள் பக்கம் வந்தால் மாமாவின் கணக்கு உதைக்கிறது. குழந்தை மருத்துவத்தில் எம்.டி. வாங்கி, அதற்கும் மேலே மூன்று வருஷம் குழந்தைகளின் சிறுநீரகத்துக்கோ, நாளமில்லாச் சுரப்பிகளுக்கோ டி.எம். படித்தவர், அதே ஊரில் சளி, காய்ச்சல் பார்க்கும் டாக்டரைவிடக் குறைவாகச் சம்பாதிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. குருட்டு அதிர்ஷ்டம், கைராசி எல்லாம் இதற்குக் காரணம் இல்லை. கணக்கே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

இதை ரூபாய் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் அமெரிக்காக்காரர்கள். 2021-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. குழந்தை மருத்துவத்தின் 15 உட்பிரிவுகளை எடுத்துக்கொண்டார்கள். மேற்படிப்பு படித்தவரின் ஆயுட்கால வருமானத்தை, படிக்காமல் மருத்துவக் கல்லூரியிலேயே பொதுக் குழந்தை மருத்துவராக வேலைக்குப் போனவரின் வருமானத்தோடு ஒப்பிட்டார்கள். 15-ல் 12 பிரிவுகள் நஷ்டம்! குழந்தைகளின் இதய மருத்துவம் படித்தவருக்கு ஆயுள் முழுக்கச் சேர்த்து சுமார் எட்டரை லட்சம் டாலர் லாபம். வளரிளம் பருவத்தினருக்கான மருத்துவம் படித்தவருக்கு கிட்டத்தட்ட 16 லட்சம் டாலர் நஷ்டம். அதாவது கூடுதலாக மூன்று வருஷம் கண் விழித்துப் படித்ததற்கு அபராதம்.

லாபம் தந்தவை எவை என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். இதயம், தீவிர சிகிச்சை, பச்சிளம் குழந்தை மருத்துவம். இந்த மூன்றுக்கும் பொதுவாக இருப்பது கட்டில். ஐ.சி.யூ. கட்டில், இன்குபேட்டர், ஆபரேஷன் டேபிள், கேத் லேப். மிஷினும் கட்டிலும் இருக்கிற இடத்தில் பில் ஓடுகிறது, பில் ஓடுகிற இடத்தில் டாக்டருக்கும் காசு வருகிறது. பேசி, யோசித்து, வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டிய வியாதிகளுக்கு மிஷின் கிடையாது. வெறும் நாற்காலியும் நேரமும்தான். அதற்கு யாரும் விலை போட்டு வைக்கவில்லை.

ஒரு உதாரணம். எட்டு வயதுப் பெண் குழந்தைக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிகிறது. (பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை வேறு, இது வேறு. வாழ்நாள் முழுக்க இன்சுலின்.) குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் என்ன செய்வார்? அம்மாவுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் மயக்கம் வந்தால் டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். திருவிழாவில் பால்கோவா சாப்பிட்டால் எத்தனை யூனிட் கூட்ட வேண்டும் என்று கணக்குச் சொல்வார் (ஸ்ரீவில்லிபுத்தூரில் இது ரொம்ப முக்கியமான கேள்வி). பாட்டி அழுவார், அவரையும் சமாதானப்படுத்த வேண்டும். முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஒரு கன்சல்டேஷன் பீஸ். அதே முக்கால் மணி நேரத்தில் பக்கத்துத் தெரு கிளினிக்கில் பத்துப் பேருக்குச் சீட்டு எழுதி அனுப்பியிருப்பார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அந்த அம்மா போன் செய்வார், "சுகர் 60 காட்டுது சார், என்ன பண்ண?" அதற்கும் பீஸ் கிடையாது.

குழந்தை வைத்தியத்தில் மருந்தை எடை பார்த்துத்தான் கொடுப்பார்கள். சம்பளத்தையும் எடை பார்த்தே கொடுக்கிறார்களோ என்னவோ!

அமெரிக்காவில் இதற்கு ஒரு தெளிவான காரணமும் உண்டு. அங்கே முதியவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு. ஏழைகளுக்கு மெடிக்கெய்ட். குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் மெடிக்கெய்ட் வகையறாவை நம்பித்தான் இருக்கிறார்கள். ஒரே மாதிரி வைத்தியத்துக்கு மெடிகேர் கொடுப்பதைவிட மெடிக்கெய்ட் பெரும்பாலான மாநிலங்களில் குறைவாகவே கொடுக்கிறது. தாத்தாவின் சிறுநீரகத்துக்கு ஒரு விலை, பேரனின் சிறுநீரகத்துக்கு அதைவிடக் குறைந்த விலை. தாத்தாவுக்கு ஓட்டு இருக்கிறது, பேரனுக்கு இல்லை என்று குறும்பாகச் சொல்லலாம். ரொம்பத் தப்பாகவும் இருக்காது.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. அரசு ஆஸ்பத்திரி கன்சல்டன்ட் எல்லாருக்கும் ஒரே சம்பள அட்டவணை. குழந்தைகளின் நரம்பு மருத்துவரும், பெரியவர்களின் இதய மருத்துவரும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள். ஜி.பி. எனப்படும் பொது மருத்துவர்களுக்கு மட்டும் தனி ஒப்பந்தம். 2004-ல் அந்த ஒப்பந்தம் மாறியபோது அவர்களின் வருமானம் ஒரே தாவாகத் தாவியது, ஆஸ்பத்திரி கன்சல்டன்ட்கள் முணுமுணுக்கிற அளவுக்கு. மருத்துவர் சம்பளத்தைப் படிப்பு தீர்மானிப்பதில்லை, யார் எந்த மேஜையில் உட்கார்ந்து என்ன ஒப்பந்தம் போட்டார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

இனி நம்மூர். தமிழ்நாட்டு அரசுப் பணியில் உதவி மருத்துவராகச் சேருகிறவரின் அடிப்படைச் சம்பளம், ஏழாவது ஊதியக்குழு அட்டவணைப்படி 56,100 ரூபாயில் தொடங்குகிறது. எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவருக்கும் அதேதான், எம்.டி. முடித்துவிட்டுச் சேருகிறவருக்கும் அதேதான். மேற்படிப்புக்கென்று தனிப்படி கொஞ்சம் உண்டு. ஆனால் ஆறு வருஷம் கூடுதலாகப் படித்ததற்கு அது ஈடாகாது. 2019 அக்டோபர் கடைசியில் அரசு டாக்டர்கள் ஒரு வாரம் போல வேலைநிறுத்தம் செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2009-ல் வந்த அரசாணை 354-ஐ மறு ஆய்வு செய், மத்திய அரசு டாக்டர்களுக்கு இணையாகச் சம்பளம் கொடு என்பதுதான் அன்றைய முக்கியக் கோரிக்கை. நவம்பர் 1-ல் போராட்டம் நின்றது. அந்த அரசாணை கணக்குப் பார்ப்பது பணி வருஷங்களை. எந்தப் பிரிவு, எவ்வளவு அபூர்வமான படிப்பு என்பதெல்லாம் அதற்குள் வராது.

அரசு டாக்டர்கள் டூட்டி முடிந்த பிறகு தனியாகக் கிளினிக் வைத்துக்கொள்ளலாம், தமிழ்நாட்டில் அதற்கு அனுமதி உண்டு. வித்தியாசம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பொதுக் குழந்தை டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளினிக்கைத் திறந்தால் அவர் படித்த படிப்பு முழுவதும் அந்த அறையிலேயே பயன்படும். பச்சிளம் குழந்தை மருத்துவத்தில் டி.எம். வாங்கியவர் கிளினிக் திறந்தால்? 900 கிராம் குழந்தையை யாரும் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக் கொண்டுவர மாட்டார்கள். வெண்டிலேட்டர் வேண்டும், பழகிய நர்ஸுகள் மூன்று ஷிப்ட்டுக்கும் வேண்டும், ரத்த வாயு பார்க்கும் மிஷின் வேண்டும். அதெல்லாம் இல்லாத அறையில் அவரும் சளிக்குத்தான் மருந்து எழுதியாக வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் எல்லாம் சும்மா வைத்துக்கொண்டவை, மாற்றிப் போட்டும் பார்க்கலாம். ஒரே பேட்சில் எம்.பி.பி.எஸ். முடித்த இருவர். முதலாமவர் ராஜபாளையத்தில் கிளினிக் போடுகிறார். ஆளுக்கு 200 ரூபாய், நாளைக்கு 50 பேர், மாதம் 25 நாள். இரண்டரை லட்சம். வாடகை, கம்பவுண்டர், நர்ஸ், கரண்ட் பில் என்று 80,000 போனால் மிச்சம் 1,70,000. இரண்டாமவர் எம்.டி. மூன்று, டி.எம். மூன்று, ஆக ஆறு வருஷம் படிக்கிறார். உதவித்தொகை சராசரியாக மாதம் 50,000 என்று வைப்போம். ஆறு வருஷ முடிவில் முதலாமவர் 1 கோடியே 22 லட்சம், இரண்டாமவர் 36 லட்சம். வித்தியாசம் 86 லட்சம். அதற்கு அப்புறம் இரண்டாமவர் மாதம் 50,000 கூடுதலாகவே சம்பாதித்தாலும், இந்தப் பள்ளத்தை மூட 14 வருஷத்துக்கு மேல் ஆகும். வட்டி சேர்க்காமலேயே!

"முதல் நாளே 50 பேர் வருவாங்களா?" என்று கேட்டால், நியாயமான கேள்வி. 25 பேர்தான் வருகிறார்கள், செலவு 50,000 என்று போட்டால் முதலாமவருக்கு 75,000 மிச்சம். பள்ளம் 18 லட்சமாகக் குறைகிறது, மூன்று வருஷத்தில் மூடிவிடலாம். ஆகக் கூட்டம் வருகிற கிளினிக்கா, ஈ ஓட்டுகிற கிளினிக்கா என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாகும். அதோடு ஜெனரல் பிராக்டிஸ் என்றாலே பண மழை என்றும் இல்லை. சென்னை வண்ணாரப்பேட்டையில் 2018 வரை வாழ்ந்த டாக்டர் ஜெயச்சந்திரனை ஊரே '5 ரூபாய் டாக்டர்' என்றுதான் கூப்பிட்டது. அவர் அந்தக் கூட்டத்தை வைத்துக் கோடி சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.

இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டுப் பேசினால் சின்ன ஊர்களின் குழந்தை வைத்தியமே புரியாது. 'எம்.பி.பி.எஸ்., டி.சி.எச்.' என்ற போர்டைப் பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? இரண்டு வருஷ டிப்ளமோ. தாலுகா ஊர்களில் ஒரு தலைமுறையையே வளர்த்துவிட்ட டாக்டர்களில் நிறையப் பேர் இந்த டி.சி.எச். ஆட்கள்தான். படிப்புக்குப் போன காலம் குறைவு, ஊரில் பெயர் சீக்கிரம் நின்றுவிடும், தடுப்பூசி வேறு கைகொடுக்கும். தனியார் கிளினிக்கில் தடுப்பூசி என்பது நிலையான வருமானம். குழந்தைக்கு வியாதி வராவிட்டாலும் அட்டையில் தேதி வந்துவிடும். காசைப் பொறுத்தவரை இதுதான் ரொம்பப் புத்திசாலித்தனமான படிப்பு. ஆனால் 2018-க்குப் பிறகு கல்லூரிகளின் டிப்ளமோ இடங்கள் எம்.டி. இடங்களாக மாற்றப்பட்டன. 2020-ல் தேசியத் தேர்வு வாரியம் தன் கணக்கில் டிப்ளமோவைத் திரும்பக் கொண்டுவந்தது. தடுப்பூசிப் பக்கமும் காற்று மாறுகிறது. விலை அதிகமான நிமோகாக்கல் ஊசி 2021-ல் நாடு முழுக்க அரசுத் திட்டத்துக்குள் வந்துவிட்டது, இலவசம். குழந்தைகளுக்கு ரொம்ப நல்லது. கிளினிக்கின் வரவு செலவுக்கு அவ்வளவு நல்லதில்லை. போதாததற்குப் பிறப்பே குறைகிறது. 2020-ம் வருஷ மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை.

காப்பீடு வந்தால் எல்லாம் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2008-ல் இளம் சிறார் இதய அறுவை சிகிச்சைத் திட்டம் வந்தது, 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த எத்தனையோ ஏழைக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் நடந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கவனித்தால் இங்கேயும் அதே கட்டில் கதைதான். ஆபரேஷனுக்கு பேக்கேஜ் உண்டு, ஐ.சி.யூ. நாளுக்கு பேக்கேஜ் உண்டு. சர்க்கரைக் குழந்தையின் அம்மாவோடு பேசிய முக்கால் மணி நேரத்துக்கு பேக்கேஜ் இல்லை.

அதனால்தானோ என்னவோ, தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கான உட்பிரிவுகள் வேர் பிடித்த பழைய இடங்களைப் பார்த்தால் பீஸை நம்பாத இடங்கள் கண்ணில் படுகின்றன. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரசாங்கத்துடையது. 1978-ல் டாக்டர் எம்.எஸ். ராமகிருஷ்ணன் முயற்சியில் உருவான காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை பெயரிலேயே டிரஸ்ட். சந்தையை நம்பி விட்டிருந்தால் குழந்தைகளின் சிறுநீரகத்துக்கென்று ஒரு வார்டு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதில் ஊர்க்காரர்களுக்கு என்ன வந்தது? டாக்டர் சம்பாதித்தால் என்ன, சம்பாதிக்காவிட்டால் என்ன என்று தோன்றலாம். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அதே வட்டாரத்தில் ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், ஆம்புலன்ஸில் ஏறி மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு பக்கத்திலேயே ஒரு பெரிய இடம் வந்திருக்கிறது. ஆனால் கட்டடம் வந்த வேகத்தில் ஆள் வந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 13 (2020 கணக்கு), நாட்டின் சராசரி 28. பெரிய சாதனைதான். ஆனால் மிச்சமிருக்கும் இறப்புகளில் பெரும்பகுதி பிறந்த முதல் மாதத்தில் நடப்பவை. அந்த எண்ணை இன்னும் இறக்க வேண்டுமென்றால் சளி, காய்ச்சல் பார்ப்பவர்களை மட்டும் வைத்து இறக்க முடியாது. சம்பளக் கணக்கில் தோற்கும் அந்தப் பிரிவுகளின் ஆட்கள் வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருஷம் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் வேலை பார்த்தால் ஒரு லட்சம் டாலர் வரை படிப்புக் கடனை அரசே கட்டும். 2010-ல் சட்டம் போட்டார்கள். பணம் ஒதுக்கியது 2022-ல்! அந்த 12 வருஷத்தில் பிறந்த குழந்தை ஏழாம் வகுப்புக்கே போயிருக்கும். தமிழ்நாட்டு வழி வேறு. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு டி.எம்., எம்.சி.எச். இடங்களில் 50 சதவீதம் என்று 2020 நவம்பரில் அரசாணை போட்டார்கள். வழக்கு நடந்து, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி விட்டது. படிக்கும்போதும் அரசு வேலை கையில் இருக்கும், முடித்ததும் அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்ப வேண்டும். கிளினிக்காரரோடு போட்டி போட வேண்டிய அவசியமே இல்லாத வழி. பரீட்சைக் கூடத்தில் இது அநியாயம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் 75 கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் போகிற குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால், இதைவிடக் காரியத்துக்கு ஆகிற யோசனை வேறு யாரும் இதுவரை சொன்னதாகத் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் தப்பிக்க ஒரு சந்து இருக்கிறது. குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர், குழந்தைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களின் கார்டியாலஜிக்கே டி.எம். போக விதிகள் ரொம்ப நாளாக இடம் கொடுத்து வருகின்றன. படித்த படிப்பு குழந்தைகளுக்கானது, போகிற இடம் காசுள்ள தாத்தாக்களின் இதயம்! அப்படித் தாவுகிறவரைக் குற்றம் சொல்ல மனசு வராது. வீட்டில் தங்கச்சி கல்யாணம் இருக்கும், கல்லூரிக் கடன் இருக்கும். கவுன்சிலிங்கில் இடங்களை வரிசைப்படுத்தும் ராத்திரி அவர் முன்னால் திரையில் இருப்பது ஒரு பட்டியல். முதல் இடத்தில் கட்டில் உள்ள பிரிவுகளைப் போடுவார். சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பி எல்லாம் கீழே இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கும் அம்மா, "குழந்தைகளுக்குத்தானே படிக்கப் போறே சொன்னே?" என்று கேட்டால், "ஆமாம்மா, அதுவும் லிஸ்ட்ல இருக்கு" என்பார். எத்தனையாவது இடத்தில் என்று அம்மாவும் கேட்கமாட்டார்.